தூரிட்டின் இரண்டு வருடப் பதவி

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. நோர்வேயின் பேர்கன் நகரத்தில் பஸ் ஓட்டும் என் கீழ்வீட்டுக்காரி தூரிட், ஆஸ்பத்திரித் தாளைக் கொண்டுவந்து, நான் கதை எழுதும் மேசையில் போட்டாள். பெருங்குடலில் இருந்து வெட்டியெடுத்த கட்டியைச் சோதித்திருக்கிறார்கள். அதன் மரபணுவில் ஒரு மாற்றம். அது இருந்தால் புற்றுநோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகமாம். நூறு பேரில் எத்தனை பேர் இரண்டு வருடம் தாண்டுவார்கள் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த எண்ணை நான் எழுத மாட்டேன்.

2

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: தூரிட் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி தன்...

(நிறுத்திவிட்டேன். எங்கள் ஜன்னலில் தெரிவது குப்பைத்தொட்டி.)

இரண்டாவது: டாக்டரை வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். சரிவரவில்லை. அந்த நூறு பேரில் நீ யாரென்று எனக்குத் தெரியாது என்று அவரே அவளிடம் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷன்.

3

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். மார்ச்சில் எங்கள் குடியிருப்பின் ஆண்டுக்கூட்டம், சைக்கிள் வைக்கும் அறையில், கோப்பியும் வாஃபிளுமாக. தலைவர் தேர்வு வந்ததும் வழக்கம்போல எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். கூரை ஒழுகினாலும் நாய் குரைத்தாலும் தலைவரைத்தான் திட்டுவோம், யார் வருவார்? தூரிட் கையைத் தூக்கினாள். அவள் நோய் எல்லோருக்கும் தெரியும். நான்காம் மாடி ஓட்வார் தொண்டையைச் செருமினான்.

"தூரிட், இந்தப் பதவி ரெண்டு வருசம். தெரியும்தானே?"

"தெரியும். அதுக்குப் பிறகு வேற ஆளைப் பாருங்கோ. கெஞ்சினாலும் நிக்க மாட்டன்."

சிரிக்க யாருக்கும் துணிவில்லை. அடுத்தது துணைத்தலைவர், அதாவது தலைவரால் முடியாமல் போனால் அந்த இடத்துக்கு வருகிறவர். அத்தனை பேரும் அவள் சாவைத்தான் யோசித்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கோபம் வந்தது, அவர்கள்மேலும் என்மேலும். கையைத் தூக்கினேன்.

4

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில், இலையுதிர்காலத்தில் அவள்... மற்றதில் பூரண குணம், பாட்டு, விருந்து. அவளிடம் காட்டினேன். இரண்டையும் குறுக்கே கீறினாள்.

"அந்த எண் என்னைச் சாகடிக்கப் பாக்குது, நீ பிழைக்க வைக்கப் பாக்கிறாய். ரெண்டு பேரும் என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. எனக்குக் கூரை வேலை கிடக்கு, போ."

5

அவளுக்குப் பயமில்லையா? இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. ஆனாலும் முடிவு எழுத மாட்டேன். கை துறுதுறுக்கிற வாசகரே, நீங்கள் எழுதுங்கள். ஒரே நிபந்தனை: நேரில் போய் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மூன்றாம் வாசல், முதல் மாடி. மணியை அடியுங்கள். கொஞ்சம் தாமதமாகும். அவளே வந்து திறப்பாள்.