தார்ப்பாய் மூடிய வெயில்

என் மச்சினனுக்கு இந்த ஆஸ்பத்திரியில வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். பெண்டாட்டி நச்சரிப்பு தாங்கல. கீழே மெஷின் ரூம் அவன் பொறுப்பு, மொட்டைமாடி என் பொறுப்பு. வெயிலை வெச்சு எப்படிய்யா குளிர வைப்பீங்கன்னு கேக்காத ஆள் கிடையாது. மாடியில கண்ணாடிக் குழாய்ல தண்ணி கொதிக்கும். அந்தச் சூட்டுலதான் கீழே மெஷின் ஓடும், வார்டு குளிரும். அவ்வளவுதான்யா விஷயம்! இன்னொரு தடவை வார்டு புழுங்கினா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு மச்சினன்கிட்ட இன்ஜினியர் ஏற்கெனவே சொல்லி வெச்சிருந்தார்.

இன்னைக்குக் காலையில மாடியில ஒரு வால்வு ஒழுகிச்சு. கை வெந்துடக் கூடாதேன்னு குழாய்ங்க மேல தார்ப்பாயைப் போர்த்திட்டு வால்வை மாத்தினேன். முடிச்சுட்டுக் கீழே வந்தா, என் வண்டியை நகர்த்தி வெச்சிருக்கான் வாட்ச்மேன். அவனோட வாய்ச்சண்டையிலயே பொழுது போச்சு. தொட்டியில மிச்சமிருந்த சுடுதண்ணியில மெஷின் மதியம் வரைக்கும் ஓடியிருக்கு. அப்புறம் படுத்துடுச்சு.

"மாமா, மேலேருந்து சூடே வரல"ன்னு மச்சினன் போன் பண்ணான். எனக்கு எங்கேருந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ! நேரா மெஷின் ரூமுக்குப் போய், இன்ஜினியர், நர்ஸுங்க எல்லார் முன்னாடியும் அவனைப் பிடி பிடின்னு பிடிச்சேன்.

"மண்டையில ஏதாவது இருக்காடா? வெளியில அனல் பறக்குது, இவனுக்குச் சூடு வரலையாம்! வால்வைத் திறந்து தொலைச்சியா?"

அவன் சட்டை தொப்பலா நனைய, ஒவ்வொரு வால்வா திறந்து மூடிப் பார்த்துக்கிட்டிருந்தான். வார்டுல ஆபரேஷன் முடிஞ்ச ஒரு அம்மாவுக்கு அவங்க மக மருந்து அட்டைப்பெட்டியைக் கிழிச்சு விசிறிக்கிட்டிருந்தா.

வீறாப்பா மாடி ஏறினேன். தார்ப்பாய் நான் போர்த்தினபடியே கிடந்துச்சு. அடப்பாவி! சுத்தும் முத்தும் பார்த்தேன், யாருமில்ல. சுருட்டித் தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி தள்ளினேன். பதட்டத்துல கை அதுபாட்டுக்குச் செஞ்சுடுச்சுன்னு சொல்லிக்கலாம். பொய். யோசிச்சுத்தான் செஞ்சேன்.

சூடு ஏறி மெஷின் ஓட ஆரம்பிச்சதும் இன்ஜினியர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். மச்சினன் பக்கம் திரும்பி, "நீ நாளையிலேருந்து வராதே"ன்னார்.

சொல்லுடா, சொல்லித் தொலைடான்னு மனசு அடிச்சுக்கிச்சு. இன்ஜினியருக்குத் தலையாட்டிட்டு வெளியே வந்துட்டேன்.

மச்சினன் சாப்பாட்டுப் பையோட வாசல்ல எனக்காகக் காத்திருந்தான்.

"ஏதோ ஒரு வால்வை நான்தான் சரியா திறக்காம விட்டிருப்பேன் மாமா. என்னால உங்களுக்குத்தான் தலைகுனிவு. அக்கா உங்க மேல பாயும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். தப்பு என்னோடதுதான்னு நானே அதுகிட்ட சொல்லிக்கிறேன்."

அவன் மூஞ்சியைப் பார்க்க முடியல.

"சரி, சொல்லு"ன்னேன்.