இரண்டு மணிக் காற்று

தலைமையாசிரியை அறையிலிருந்த தொலைபேசியைத் தன் கைக்குட்டையால் கட்டிக்கொண்டிருந்தாள் கோதை. ரிசீவருக்கு மேலே ஒரு சுற்று, அடிப்பாகத்தையும் சேர்த்து இன்னொரு சுற்று, ஒரு முடிச்சு. நம்பிக்கை வராமல் அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.

"போனுக்குப் பல்வலியா டீச்சர்?" என்றார் பியூன் சின்னையன்.

"யாராவது மறதியா எடுத்துட்டா எல்லாம் போச்சு சின்னையன். இன்னிக்கு முழுக்க இந்தப் பக்கம் ஒருத்தரையும் விடாதீங்க."

அவள் பயப்பட்டதற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கு ஒரே தொலைபேசி இணைப்பு. அதே கம்பியின் ஒரு கிளை மாடியிலிருந்த கம்ப்யூட்டர் அறைக்குப் போனது. பிள்ளைகள் தட்டுகிற எழுத்தை மோடம் என்கிற சின்னப் பெட்டி கீச்சுக்குரலாக மாற்றிக் கம்பியில் அனுப்பும். மறுமுனையில் இன்னொரு மோடம் அதைக் கேட்டு மறுபடி எழுத்தாக்கும். கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு பேச்சுக்குத்தான் இடம். நடுவில் யாராவது ரிசீவரைத் தூக்கினால், இருவர் பேச்சில் மூன்றாவது ஆள் வாயைக் கொடுத்த மாதிரி எல்லாம் குழம்பி இணைப்பு அறுந்துபோகும். மறுபடி கிடைக்க எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. 2003-ஆம் வருடத்துச் செங்கல்பட்டில் இணையம் என்பது அப்படித்தான் இருந்தது.

கம்ப்யூட்டரைக் கொடுத்ததும், மாதாமாதம் இணைப்புக்கான செலவை ஏற்றதும் சென்னையிலிருந்த ஓர் அறக்கட்டளை. அதன் சார்பில் பக்தவத்சலம் என்பவர் இன்று வகுப்பைப் பார்க்க வருகிறார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் இணைப்பு இந்த மாதத்தோடு நின்றுவிடும். கம்ப்யூட்டர் கீழே அலுவலக அறைக்கு இறங்கிவிடும். ஆறு மாதமாகக் கோதை கட்டிக்கொண்டு வந்த வகுப்பு அதோடு முடிந்தது.

அந்த வகுப்பு இதுதான். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலோரத்துப் பள்ளி ஒன்றில் ஆனந்தன் என்பவர் அறிவியல் ஆசிரியர். கோதையோடு பி.எட். படித்தவர். அவருடைய எட்டாம் வகுப்பும் இவளுடைய எட்டாம் வகுப்பும் இணையத்தில் ஓர் அரட்டை அறையில் சந்தித்துக்கொள்ளும். கடலோரப் பிள்ளைகள் ஒரு வாளி கடல் தண்ணீரிலும் கரை மணலிலும் வெப்பமானியை வைத்துப் பார்த்து எழுதுவார்கள். காலையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. வெயில் ஏற ஏற மணல் மளமளவென்று சுடும், கடல் தண்ணீரின் சூடு அசையாது. நிலத்தின் மேலிருக்கும் காற்று சூடாகி மேலே எழும்ப, காலியான இடத்துக்குக் கடலின் குளிர்ந்த காற்று உள்ளே வரும். கடற்காற்று. கரையில் புறப்பட்டது செங்கல்பட்டுக்கு எப்போது வரும்? இங்கே பள்ளி மொட்டைமாடிக் கம்பத்தில் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டியிருந்தது. மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும்வரை அது கிழக்கே ஏரிப்பக்கம் நீண்டு பறக்கும். கடற்காற்று வந்து சேர்ந்தால் மறுபக்கம் திரும்பிவிடும். அது எப்போது திரும்பும் என்று பிள்ளைகள் தாங்களே கணித்துச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் விடை கிடையாது. அதுதான் கோதைக்குப் பிடித்திருந்தது.

தலைமையாசிரியை சம்பூர்ணத்துக்குப் பிடிக்காததும் அதுதான்.

"காத்து வரலேன்னா என்ன பண்ணுவே?" என்று போன வாரமே கேட்டார். "பார்க்க வர்றவர் முன்னால பசங்க பேந்தப் பேந்த முழிக்கணுமா? ஒரு தடவை ஒத்திகை பார்த்துடு."

சம்பூர்ணம் அம்மாள் எத்தனையோ ஆய்வுகளைக் கரையேற்றியவர். விடை தெரிந்தவர்கள் வலது கையையும் தெரியாதவர்கள் இடது கையையும் தூக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஏற்பாடு. பார்ப்பவருக்கு வகுப்பு முழுக்கக் கை தூக்கியிருக்கும். ஆசிரியை வலக்கைகளில் ஒன்றைப் பார்த்துக் கேட்டால் போதும்.

போன வியாழக்கிழமை கோதை ஒத்திகை பார்த்தாள். அன்று காற்று சரியாக இரண்டு மணிக்கு வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கோதைக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அது என்னவென்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

பக்தவத்சலம் பன்னிரண்டரை மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், ஊரப்பாக்கத்துக்காரர். வணக்கத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, அடங்கியது. இணைப்பு கிடைத்துவிட்டது. கோதைக்குப் பாதி உயிர் வந்தது.

"இன்னிக்குக் கடற்காற்று நம்ம ஊருக்கு எப்ப வரும்? குழுவுக்கு ஒருத்தரா வந்து உங்க பதிலைத் தட்டுங்க."

ஐந்து குழுக்கள். முதலில் வந்தவன் தேஜஸ், வகுப்புத் தலைவன். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினான்: 'ரெண்டு மணி.' அடுத்தவள் வந்தாள்: 'ரெண்டு மணி.' மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து இரண்டு மணிகள் நின்றன. எல்லார் முகத்திலும் சரியாகச் செய்துவிட்ட பெருமை.

இங்கே வலது கை, இடது கை என்று எதையும் மறைக்க முடியாது. தட்டியது தட்டியபடி இரண்டு ஊருக்கும் தெரியும்.

மாமல்லபுரத்திலிருந்து பதில் வந்தது. 'இன்னாபா, அஞ்சு பேரும் ஒரே பேப்பரப் பாத்து எழுதினீங்களா? இங்கயே காத்து இன்னும் திரும்பல. மேகாத்து பிச்சிகினு அடிக்குது. உங்க வூட்டுக்கு மட்டும் தனியா பஸ் புடிச்சி வருதா?'

அதன்கீழே இன்னொன்று: 'மணலும் ரொம்ப சுடல. மேகமா கீது.'

பக்தவத்சலம் எழுந்துவந்து திரையைப் படித்தார். தேஜஸைப் பார்த்து, "தம்பி, ரெண்டு மணின்னு எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டார். அதட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

தேஜஸ் கோதையைப் பார்த்தான். அவள் கண் காட்டவில்லை. "போன வாரம் ரெண்டு மணிக்குத்தான் சார் வந்துச்சி. மிஸ்கூட கரெக்ட்டுன்னாங்க."

பக்தவத்சலம் 'ம்' என்றார். ஜன்னல் வழியே ரிப்பனைப் பார்த்தார். அது ஏரிப்பக்கம் விறைப்பாக நீண்டிருந்தது.

சாப்பாட்டு மணி அடித்ததும் அவர் கிளம்பிவிட்டார். "ரயிலடிப் பக்கம் இன்னொரு பள்ளிக்கூடம் பார்க்கணும். வண்டி ஏர்றதுக்கு முன்னாடி, ரெண்டரை மூணு மணி வாக்குல, ஸ்டேஷன் பூத்துலேருந்து போன் பண்றேன். சென்னைக்கு இன்னிக்கே முடிவைச் சொல்லியாகணும். உங்ககிட்ட ஒண்ணு ரெண்டு விஷயம் கேட்டுட்டுத்தான் சொல்லணும்" என்று சம்பூர்ணத்திடம் சொன்னார்.

கோதையின் டிபன் டப்பா திறக்காமலே இருந்தது. ஐந்து இரண்டு மணிகளும் கண்ணுக்குள் நின்றன. பிள்ளைகள் பேரில் தப்பில்லை. விடை தெரிந்த பிறகு கேட்கிற கேள்வி கேள்வியே இல்லை. அதை ஒத்திகை என்று அவளே கற்றுக்கொடுத்திருக்கிறாள். இணைப்பைத் துண்டிக்கலாம் என்று மாடியேறினாள்.

கம்ப்யூட்டர் அறையில் சத்தமாக இருந்தது. ஏழெட்டுப் பேர் திரையைச் சுற்றி நின்றார்கள். வகுப்பில் வாயே திறக்காத தமிழ்ச்செல்வி விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகக் குத்திக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடலையா யாரும்?"

"மானம் போச்சு மிஸ்," என்றான் தேஜஸ். "பஸ் புடிச்சி வருதான்னு கேட்டாங்க இல்ல? இப்ப நிஜமாவே கண்டுபிடிச்சிச் சொல்லப் போறோம்."

"அங்க இப்பத்தான் மிஸ் திரும்பிச்சாம்," என்றாள் தமிழ்ச்செல்வி திரும்பாமலே. "ஒன்றரைக்கு. ஆனா அது எவ்ளோ வேகமா வருதுன்னு தெரியணுமே. நடுவுல ஒரு ஆள் வேணும் மிஸ். திருக்கழுக்குன்றம் பாதி வழிதானே? அங்க யாராவது பார்த்துச் சொன்னா?"

இதைக் கோதை யோசித்ததே இல்லை.

மாமல்லபுரம் அதற்குள் பதில் சொல்லிவிட்டது. அங்கே ஒரு பையனின் மாமா கண்ணாயிரம் திருக்கழுக்குன்றத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாராம். ஆனந்தன் சார் தம் பள்ளியின் இன்னொரு தொலைபேசியிலிருந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார். சிறிது நேரத்தில் அரட்டை அறைக்குள் புதுப்பெயர் ஒன்று வந்து குதித்தது.

'கண்ணாயிரம் வந்துட்டேன். கடை வாசல்ல லுங்கி ஒண்ணு கொடியில காயுது. அது எந்தப் பக்கம் பறக்கணும்னு சொல்லுங்கடா.'

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. லுங்கி இப்போது கடல்பக்கமாகப் பறக்கிறது, மலைப்பக்கம் திரும்பியதும் உடனே சொல்ல வேண்டும் என்று தமிழ்ச்செல்வி தட்டினாள். பிறகு காத்திருந்தார்கள். இரண்டு மணி வந்தது, போயிற்று. மொட்டைமாடி ரிப்பன் அசைந்துகொடுக்கவில்லை. பதில் சொன்ன ஐந்து குழுவும் தோற்றதை வகுப்பே எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. அடுத்து அறிவியல் பாடவேளைதான். யாரும் வேறெங்கும் போகவில்லை.

இரண்டரைக்குச் சம்பூர்ணம் வந்தார்.

"கோதை, லைனை விடு. அவர் போன் பண்ற நேரம்."

"பத்து நிமிஷம் மேடம். திருக்கழுக்குன்றத்துச் சேதி இன்னும் வரலை."

"சேதியா? அங்க என்ன கல்யாணமா? அவர் பூத்துல நின்னுகிட்டு என்கேஜ்டு, என்கேஜ்டுன்னு கேட்டுட்டு வண்டி ஏறிட்டார்னா அப்புறம் உனக்கு லைனும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கோதையின் வகுப்பைப் பற்றிய முடிவைச் சுமந்து வரப்போகிற குரல் இந்தக் கம்பி வழியாகத்தான் வர வேண்டும். லுங்கியின் சேதியும் இதே கம்பி வழியாகத்தான் வர வேண்டும். இணைப்பை இப்போது விட்டால் மறுபடி கிடைப்பதற்குள் காற்று திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிவிடும். விடாவிட்டால்? கோதை மௌஸைப் பிடித்தாள். துண்டிக்கிற பொத்தான்மேல் அம்புக்குறி நின்றது.

தமிழ்ச்செல்வி அவளைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. "மிஸ், அவர்தான் போயிட்டாரே. இப்ப நாம அவருக்காகவா பண்றோம்?" என்றாள்.

கோதை மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

"நானே போய் எடுக்கறேன்," என்று சம்பூர்ணம் படியிறங்கினார். ரிசீவரைத் தூக்கினால் அதோடு சரி. கோதை திரையில் எல்லாப் பெயரும் இருக்கிறதா, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இருந்தன. கீழே சம்பூர்ணத்தின் குரல் கேட்டது. "சின்னையன்! இது என்ன முடிச்சு? கத்தரிக்கோல் எங்கே?" சின்னையன் கத்தரிக்கோலைத் தேடுகிறார் போலும். வெகு நிதானமாகத் தேடுகிறார்.

'லுங்கி தொங்கிடுச்சி,' என்றார் கண்ணாயிரம். கொஞ்சம் பொறுத்து, 'திரும்பிடுச்சிடா! மூஞ்சில அடிக்குது!'

மணி இரண்டே முக்கால். பிள்ளைகள் கரும்பலகைக்குப் பாய்ந்தார்கள். ஒன்றரைக்குப் புறப்பட்டு இரண்டே முக்காலுக்குப் பாதி வழி. மீதிப் பாதிக்கும் அவ்வளவே என்றால் நாலு மணி என்றான் தேஜஸ். நாலரை என்றாள் தமிழ்ச்செல்வி. மேல்காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது, உள்ளே வர வர அதற்குத் தெம்பு குறையாதா என்பது அவள் கட்சி. வெயில் இப்போதுதான் நன்றாக அடிக்கிறது, நம் ஊர்த் தரை சுட்டால் இன்னும் வேகமாகத்தானே இழுக்கும், மூணே முக்கால் என்றான் இன்னொருவன். ஐந்து குழுவும் ஐந்து நேரம் தட்டின. ஒன்றுபோல ஒன்று இல்லை.

கோதை இணைப்பைத் துண்டித்தாள். படிகளில் தடதடவென்று இறங்கினாள். கைக்குட்டை அப்போதுதான் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. சம்பூர்ணம் ரிசீவரை முறைத்துக்கொண்டிருந்தார். உடனே மணி அடித்தது. இருவரும் ஒரு கணம் அதைத் தொடவில்லை. பிறகு கோதை எடுத்தாள்.

"அரை மணி நேரமா என்கேஜ்டும்மா," என்றார் பக்தவத்சலம். "பூத்துக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆபீஸ்ல யாராவது பேசிக்கிட்டிருந்தீங்களா?"

பொய் சொல்லச் சுலபமான கேள்வி. பக்கத்தில் நின்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த சம்பூர்ணம் 'ஆமாம் என்று சொல்' என்று தலையை ஆட்டினார்.

"இல்லை சார். வகுப்புதான்."

"நான் போன பிறகுமா?"

"ஆமாம் சார். நீங்க பார்த்தது ஒத்திகை பார்த்த வகுப்பு. தப்பு என்மேல. பசங்க அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சாங்க. லைனை நான்தான் விடலை."

மறுமுனையில் ரயில் அறிவிப்பு கேட்டது. கோதை கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப எத்தனை மணிங்கறாங்க?"

"ஒருத்தன் நாலுங்கறான். ஒருத்தி நாலரை. மூணே முக்காலும் இருக்கு சார். ஒத்துப்போகவே இல்லை."

"நாலரையா? ஏன்?"

அவள் சொன்னாள். தமிழ்ச்செல்வியின் காரணத்தைச் சொல்லும்போது பதற்றம் குரலிலிருந்து எப்போது கழன்றது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஸ்டேஷனுக்குப் பின்னாலயே ஏரி. காத்து வந்தா தண்ணியில முதல்ல தெரியும், இல்லையா?" என்றார் கடைசியில். "நான் அடுத்த வண்டியில போறேன். அடுத்த மாசமும் லைன் இருக்கட்டும்னு சென்னைக்குச் சொல்லிடறேன். நீங்க முதல்ல மறுபடி கனெக்ட் பண்ணுங்க. இனிமே நான் போன் பண்ண மாட்டேன்."

கோதை ரிசீவரை வைத்தாள். சம்பூர்ணம் கைக்குட்டையின் இரண்டு துண்டையும் எடுத்து நீட்டி, "கட்டிடு" என்றார்.

மாடியில் மோடம் மறுபடி கீச்சிட ஆரம்பித்தது. முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி கத்தினாள்.

"மிஸ், ரிப்பன் தொங்குது!"

மணி நான்குகூட ஆகவில்லை. "ஐயோ, இப்பவே வேணாம்," என்றாள் தமிழ்ச்செல்வி, நகத்தைக் கடித்தபடி. மோடத்தை மூன்றாம் முறை எண்ணைச் சுழற்ற விட்டுவிட்டு, கோதையும் ஜன்னலுக்கு ஓடினாள்.