மாதா தங்கிய வீடு

துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலைத் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதில் வந்தவர்களில் பாதிப்பேர் ஜுரத்தில் கிடக்கிறார்கள் என்ற பேச்சு ராயபுரத்துச் சந்துகளுக்குள் வந்து சேர்ந்தபோது, அருள்பிரகாசத்துக்கு முதலில் நினைவுக்கு வந்தவள் அவன் அத்தைதான். ஐம்பத்தேழாம் வருஷத்து மே மாதம் அது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அத்தை சிலுவையம்மாளுக்கு இழுப்பு. துறைமுகக் கிடங்குகளில் சிந்திய தானியத்தைக் கூட்டிப் புடைத்து அள்ளுவதுதான் அவள் ஆயுள் முழுக்கப் பார்த்த வேலை. அந்தத் தூசியெல்லாம் மார்பிலேயே தங்கிவிட்டது. அடுப்புப் புகைந்தால் இழுக்கும், மேகம் மூடினால் இழுக்கும். தாய் போன பிறகு அவனை வளர்த்ததும், அதே துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக ஆகும் வரை படிக்க வைத்ததும் அந்தத் தானியம்தான்.

தெருக்கோடி மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்த பக்தவச்சலத்திடம் போய்க் கேட்டான்.

"வயசானவங்களையும் இழுப்புக்காரங்களையும் இது சும்மா விடாது தம்பி. உங்க அத்தை ரெண்டும்தானே. வெளி ஆளை அண்ட வுடாதே. அவங்க வாயில படற எதுவா இருந்தாலும் ஒரு கொதி வுட்டுடு."

அருள்பிரகாசம் எதையும் முறையாகச் செய்கிறவன். செய்துவிட்டு, சரியாகச் செய்தோமா என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறவனும்கூட. உள்ளறையை அத்தைக்கு ஒழித்துக் கொடுத்தான். அவளுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. எல்லாம் வெந்நீரில் முங்கி எழுந்தன. வேலையிலிருந்து வந்தால் கொல்லைப்பக்கமாகவே நுழைந்து, குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் அத்தை இருந்த அறையின் வாசலுக்கே போனான். அப்போதும் நிலைப்படியைத் தாண்டவில்லை. உள்ளே போய் வருவது அவன் மனைவி லூர்து மட்டும்தான். அவளும் கடைகண்ணிக்குப் போவதை நிறுத்தியிருந்தாள்.

"எல்லாத்தையும் கொதிக்க வெச்சாச்சு. உங்க அத்தையையும் ஒரு கொதி வுட்டு எடுத்துடட்டுமா?" என்றாள் லூர்து, கரண்டியால் டம்ளரை வெந்நீரிலிருந்து தூக்கியபடி.

"எனக்கு இன்னாத்துக்குடி கொதி? இந்த வெயில்ல வெந்துதான் கீறேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அத்தைக்கு ஒரே ஆறுதல் தெருப் பக்கத்து ஜன்னல். பழைய படகுக்காரர் சவரிமுத்து தினமும் மாலையில் தடியை ஊன்றிக்கொண்டு வந்து எதிர்ச்சுவர் ஓரமாக நிற்பார். அதற்குமேல் நெருங்கக் கூடாது என்பது அருள்பிரகாசத்தின் கட்டளை.

"இன்னா சிலுவை, உன்னெ ஜெயில்ல போட்டுட்டானாமே?"

"ஜெயில்ல களியாவது ஆறிப்போய்க் குடுப்பான் அண்ணாத்தே. இவன் குடிக்கிற தண்ணியைக்கூட சுடச்சுட ஊத்தறான். நாக்கு பொத்துப்போய்க் கீது."

"உன் நாக்குக்கு ஏத்த ஆளுதான் வந்து வாச்சிருக்கான்."

அத்தை சிரிப்பாள். சிரிப்பு இருமலாக மாறும். அந்த இருமல் புதுசா பழசா என்று முன்னறையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பான் அருள்பிரகாசம்.

தெருவில் ஒவ்வொரு வீடாக ஜுரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் வீட்டுக்குள் மட்டும் வரவில்லை.

மே மாதம் மாதா வணக்க மாதம். தெருச் சிற்றாலயத்தில் இருக்கும் முழ உயரத்து மாதா சுரூபம் அந்த மாதம் முழுக்க வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் மாலையில் செபமாலை சொல்லி, எல்லாரும் மாதாவின் பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்வார்கள். அன்றிரவு அங்கே தங்கிவிட்டு மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போவாள். யார் வீடு எப்போது என்று, செபம் நடத்தும் உபதேசியார் முன்னாலேயே சொல்லிவிடுவார். போன வருஷம் அவர்கள் வீட்டு முறை வந்தபோது அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"அருளு, நாளன்னிக்கி மாதா நம்ம வூட்டுக்குத்தானே?"

"இந்த வருஷம் வேணாம் அத்தே. கூட்டம் வரும்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ராத்திரிக் கஞ்சி அப்படியே திரும்பி வந்தது. காலைக் கஞ்சியும் அப்படியே வந்தது.

"இப்படியே கிடந்தா ஜுரம் வராமலே பூடும் கெழவி. ஏதாவது பண்ணுங்க" என்றாள் லூர்து.

அவன் யோசித்து ஒரு வழி கண்டான். கூட்டம் வேண்டாம், மாதா மட்டும் வரட்டும். முந்தின வீட்டில் செபமாலை முடிந்ததும் அவனே போய்ச் சுரூபத்தை வாங்கி வந்துவிடுவான். ஊர் இருக்கிற நிலைமையில் உபதேசியாரும் சரி என்றார். ஒரு மூட்டைகூடக் குறையாமல் கப்பலை அனுப்பிவைத்ததுபோல அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

அன்று மாலை முந்தின வீட்டு வாசலில் ஒதுங்கி நின்றான். செபம் முடிந்து முத்தி செய்யத் தொடங்கினார்கள். கிழவிகள் உதட்டை வைத்து அழுத்தி எடுத்தார்கள். உபதேசியார் ஒவ்வொருவருக்கும் பிறகு கைக்குட்டையால் பாதத்தைத் துடைத்தார். எல்லாருக்கும் அதே கைக்குட்டை. மூலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த வீட்டு மருமகளைக் கடைசியாகக் கைத்தாங்கலாகக் கொண்டு வந்தார்கள். அவள் இருமினாள். முத்தி செய்தாள். மறுபடியும் இருமினாள்.

சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கொல்லை மேடையில் மாதாவை நிறுத்திவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவினான். அடுப்பில் வெந்நீர் தயாராக இருந்தது. வெள்ளைத் துணி ஒன்றை முக்கிப் பிழிந்து கையில் எடுத்துக்கொண்டு அவள் முன் நின்றான்.

நின்றானே தவிரக் கை நீளவில்லை. தட்டைக் கழுவலாம், டம்ளரைக் கழுவலாம். தேவமாதாவின் பாதத்தை எந்த அழுக்குக்காகத் துடைப்பது? உன்னிடமிருந்தும் ஜுரம் வரும் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வதாகாதா? துடைக்காமல் விட்டால் தவறோ என்று ஒரு கணம் தோன்றியது. துடைத்தால் பாவமோ என்று அடுத்த கணம் தோன்றியது.

"அருளு, இன்னாடா பண்ணிகினு கீறே? மாதாவைக் கொல்லையிலயே நிக்க வெச்சுகினு."

துணியைக் கொடியில் போட்டுவிட்டுச் சுரூபத்தை லூர்துவிடம் கொடுத்தான்.

அத்தை இரண்டு கையாலும் மாதாவை வாங்கினாள். பாதத்தில் உதட்டை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு தலைமாட்டில் முக்காலி போட்டு நிறுத்தச் சொல்லி, தூக்கம் வரும்வரை பேசிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா தாயே, உன்னையும் ஒண்டியா இட்டாந்துட்டான். கூட்டம் கூடாதாம். ஒரு பாட்டு இல்லே, ஒரு மெயுவத்தி வெளிச்சம் இல்லே. மனசுல வெச்சுக்காதே. நல்ல புள்ளதான். பயந்தாங்கொள்ளி."

முன்னறையில் அவன் சிரித்துக்கொண்டான். அத்தை அன்று கஞ்சியை ஒரு பருக்கை விடாமல் குடித்தாள்.

மாதா அடுத்த வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த நாள் அத்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

இப்போது நிலைப்படிக் கட்டுப்பாடு எதற்கு? அவனே உள்ளே போய்த் தலையணைகளை அடுக்கி அவளைச் சாய்த்து உட்கார வைத்தான். ஆவி பிடிக்க வைத்தான். கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினான். பக்தவச்சலம் வந்து நாடி பார்த்து மிக்சர் மருந்து கொடுத்தார். போகும்போது வாசலில் நின்று கேட்டார்.

"யாரையும் உள்ளே வுடலியே?"

"வுடலீங்க."

"அப்புறம் எப்படிப்பா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். லூர்து பின்னாலிருந்து, "இவரு துறைமுகத்துலேர்ந்து கொண்டாந்திருப்பாரு. வேற எந்த வழி கீது?" என்றாள். அப்படியும் இருக்கலாம்தான். அது அப்படித்தான் என்று நம்பிவிட முடிந்தால் எவ்வளவோ தேவலை என்று அவனுக்கு இருந்தது.

ஒவ்வொரு மாலையும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து மாதா பாட்டு காற்றில் வந்தது. முத்தி செய்வதை நிறுத்தச் சொல்லிப் போய் உபதேசியாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்திருப்பான். சொன்னால் அந்தப் பேச்சு தெருவெல்லாம் சுற்றி இந்த ஜன்னலுக்கும் வந்துவிடும். உள்ளே அத்தை, விட்டுவிட்டு வரும் மூச்சில், லூர்துவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"மாதா வந்து தங்கிட்டுப் போச்சு. இனிமே எனக்கு இன்னா கொறை?"

அவன் மறுபடியும் உட்கார்ந்துவிடுவான்.

ஒரு விடியற்காலையில், சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், அத்தையின் மார்பிலிருந்த அந்தச் சத்தம் நின்றது. எத்தனையோ வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவன் பார்த்ததில்லை.

பிற்பகலில் அடக்கம் முடிந்தது. நாலு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் ஜுரத்தில் கிடந்தார்கள், அல்லது ஜுரத்துக்குப் பயந்திருந்தார்கள். வீடு திரும்பிக் குளித்துவிட்டு உட்கார்ந்தபோது பாட்டு கேட்டது. சவரிமுத்து வீட்டுப் பக்கமிருந்து.

எழுந்து அடுப்பை மூட்டினான்.

"இப்போ யாருக்கு வெந்நீரு?" என்று கேட்டாள் லூர்து. அவள் கண்கள் வீங்கியிருந்தன.

அவன் வெந்நீர்க் குண்டானைத் துணிகொண்டு பிடித்து, தெருவழியே நடந்தான்.

சவரிமுத்து தடியை ஊன்றி எழுந்து முதல் ஆளாகக் குனியப் போன சமயம் அது.

"தொடாதீங்க நைனா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தையைப் புதைத்த கையோடு வந்து நிற்கிறான்.

"இன்னாடா சொல்றே? மாதாவை முத்தி செஞ்சா ஜுரம் வருமா?" என்றார் சவரிமுத்து.

"மாதாகிட்டேர்ந்து இல்லே. நம்மகிட்டேர்ந்து. எல்லார் வாயும் அங்கேதான் பட்டுது. இருமிகினு வந்தவங்க வாயும் பட்டுது. நான் பார்த்தேன். பார்த்துட்டும் எங்க அத்தைகிட்டக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

உபதேசியார் தன் கைக்குட்டையைப் பார்த்தார். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அருள்பிரகாசம் மாதாவின் அருகில் மண்டியிட்டு உட்கார்ந்தான். துணியை வெந்நீரில் முக்கிப் பாதத்தைத் துடைத்தான். "இப்போ செய்ங்க நைனா" என்றான். சவரிமுத்து குனிந்து முத்தி செய்தார். அவன் மறுபடியும் துணியை முக்கினான். அடுத்தவர் வந்தார். ஒவ்வொருவருக்கும் முன்னால் துடைத்தான். விரல்கள் சிவந்து எரிந்தன. பாட்டைத் தொடர யாருக்கும் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்து அவன் குண்டானைத் தூக்கியபோது ஒரு கிழவி வழிமறித்து உள்ளங்கையை நீட்டினாள்.

"ஒரு வாய் குடு நைனா. மாதா காலு கயுவின தண்ணி. வூட்ல என் மவனுக்கு ஜுரம்."

அவன் விலகி வெளியே போனான். சாக்கடையில் கவிழ்த்தான். கிழவி பின்னாலேயே வந்து, ஓடுகிற தண்ணீரையும் அவனையும் பார்த்தாள்.

"உங்க அத்தைக்கு வந்து தங்குன மாதா, எங்களுக்கு இந்தத் தண்ணியாக்கூட வரக் கூடாதா?"

"அது கலீஜ் தண்ணி ஆயா" என்றான் அவன்.