நனையாத வாடகைக்காரன்

காதை அடைக்கும் ஓர் இடி இடித்துச் சிதம்பரத்தில் கொட்டிய ஐப்பசி மழை, லோகநாயகி வீட்டு மொட்டை மாடியில் நின்ற நவீத்தின் மேல் மட்டும் விழவில்லை. அவனைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்குத் தரை காய்ந்து கிடந்தது. படிக்க வந்து மாடி அறையில் குடியிருந்த வெளிநாட்டு மாணவன் அவன். ஒரு பெரிய தேசத்துப் படை அவன் நாட்டில் இறங்கி அரசாங்கத்தைக் கவிழ்த்து, இருபது வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த ஆடியில் விமானம் ஏறிப் போய்விட்டது. விமானச் சத்தம் அடங்குமுன் கவிழ்ந்தவர்களே திரும்பி வந்தார்கள். படைக்கு மொழிபெயர்த்த நவீத்தின் அண்ணனைக் கொன்றார்கள். தம்பிக்காகக் காத்திருப்பதாகவும் சொல்லியனுப்பினார்கள். விசாவை நீட்டிக்கக் கடலூர் போனான். பழைய அரசாங்கம் இல்லை, புதியதை நம் நாடு ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் விசாவை நீட்டிக்கவும் உன்னைத் திருப்பியனுப்பவும் வழியில்லை என்று அதிகாரி கையை விரித்தார். எந்த அரசாங்கத்துக்கும் சேராதவன் மேல் மழை விழாதுதான் என்று ஊரும் புரிந்துகொண்டது.

லோகநாயகி முதலில் அவனைத் துணிக்கொடியின் கீழ் நிறுத்தினாள். திருப்பாதிரிப்புலியூரில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும், தேவனாம்பட்டினத்தில் கருவாடு காயவைக்கவும் இரவல் கேட்டு வாங்கிப் போனார்கள். குறுவை அறுப்பானதும் லோகநாயகியின் புருஷன் காத்தவராயன் அவனைக் கொள்முதல் நிலையத்தில், எடைக்குக் காத்துக் கிடந்த தன் நெல்குவியலின் உச்சியில் ஏற்றிவிட்டார். "தார்ப்பாய்கூட ஒழுவும் மச்சான், இவன் ஒழுவ மாட்டான்" என்று பக்கத்துக் குவியல்காரரிடம் பெருமையடித்தார். மழைக்காலங்கள் அப்படியே போயின. எம் புள்ள, எம் புள்ள என்று லோகநாயகி அவனுக்கு மீன்குழம்பு ஊற்றினாள். நவீத்தோ மழை வந்தால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பான். கை காய்ந்திருந்தால் அன்றைக்கு உயிர் மிச்சம்.

நான்காம் வருஷம் நம் நாடு அந்தப் புதிய அரசாங்கத்தை ஒப்புக்கொண்டு கைகுலுக்கியது. நவீத் குவியலின் மேல் இருந்தான். முதல் துளி பிடரியில் விழுந்தது. அவன் சட்டையைக் கழற்றி நெல்லை மூடப் பார்த்தான். மூன்று நாள் மழையில் நெல் முளைகட்டிவிட்டது. அவனை ஊருக்குத் திருப்பியனுப்பப் போலீஸ் வேன் வந்தபோது, தன் வீட்டுப் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லும்படி லோகநாயகியின் காலைப் பிடித்தான். அவள் முளைத்த நெல்லை முறத்தில் தள்ளிக்கொண்டே இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்:

"கூட்டிக்கினு போங்க சார். நனையிறவன வெச்சிக்கினு நாங்க என்னா பண்றது?"