யாரும் பார்க்காத கண்

மெட்ராஸ் ஐ வந்தவர்களைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் மண்ணூர்பேட்டையில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால் 1989-இல் என் இடது கண் சிவந்தபோது பத்து நாள் என்னை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அம்மா சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசுவாள். தெருமுனை கம்பவுண்டர் மூன்றடி தள்ளி நின்றபடியே "மெட்ராஸ் ஐதான்" என்று சொட்டு மருந்தை நீட்டினார். கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸில் ஏறினால் முழு சீட்டும் எனக்கே. அந்த ஒரு சுகத்தை மட்டும் மறுக்க மாட்டேன்.

எல்லோரையும்விட மோசம் என்னைப் பெற்ற நைனா செங்கல்வராயன். பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவருக்கு பேக்கிங் வேலை. கண் சிவந்தவனை அங்கே வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். அந்தப் பயத்தில் என்னிடம் முதுகைக் காட்டியே பேசினார்.

"நைனா, கண்ணுல இன்னாவோ ஊர்ந்துகினு கீது."

"அப்டித்தான் உறுத்தும். கண்ணாடிய கயட்டாத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது பையன்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள் நான். ஆவடி தொழிற்சாலையில் அப்ரெண்டிஸாக எடுத்திருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மெடிக்கல். கண்ணில் கோளாறு என்று எழுதிவிட்டால் வேலை கிடையாது.

எட்டாம் நாள் காலை, தூக்கக் கலக்கத்தில் நைனா என் துண்டை எடுத்து முகம் துடைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் சோப்பு போட்டுத் தேய்த்ததில் மூஞ்சித் தோலே உரிந்திருக்கும். நான் இரண்டு நாள் காத்திருந்து அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உனுக்கு வரல. அம்மாவுக்கு வரல. என் சோத்தாங்கை பக்கத்துக் கண்ணுக்கே வரல. இது இன்னா மெட்ராஸ் ஐ நைனா?"

அன்று மாலையே நைனா என்னை முகப்பேரில் கண் டாக்டர் வனஜாவிடம் கூட்டிப்போனார்.

"கண்ணாடியக் கழட்டும்மா" என்றார் டாக்டர்.

"ஒட்டிக்கும் டாக்டர்."

"ஒட்டிக்கிட்டா பார்த்துக்கலாம். காட்டு."

கிட்டே வந்தார். அவர் குடித்திருந்த காபியின் வாசனை வரும் அளவுக்குக் கிட்டே. பத்து நாளில் என் கண்ணைப் பார்த்த முதல் ஆள். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"நீ அழுதா நான் எப்படிப் பார்க்கிறது?" என்று துடைத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார். மேலே பார் என்றார், கீழே பார் என்றார். திடீரென்று, "நெளியுது!" என்று கத்தினார். "வெள்ளை முழிக்கு மேல, மெல்லிய தோலுக்கு அடியில ஒரு புழு. நிஜமாவே ஊருதும்மா!"

பயப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ ஒரே சந்தோஷம். "நான் சொன்னேன்ல நைனா!" என்று திரும்பினால், நைனா சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தார். நர்ஸ் முதலில் அவருக்குத்தான் தண்ணீர் கொடுத்தார்.

"நாயைக் கடிச்ச கொசு மனுஷனைக் கடிச்சா, எப்பவாவது இப்படி ஒண்ணு உள்ளே வந்துடும்" என்றார் டாக்டர். "உன்கிட்டேருந்து யாருக்கும் ஒட்டாது. பார்வைக்கும் ஒண்ணும் ஆகலை. அது ஓடி ஒளியறதுக்குள்ள எடுத்துடலாம்."

மரத்துப்போக மருந்து விட்டார். மேல்தோலில் சின்னதாக ஒரு வெட்டு. இடுக்கியால் மெல்ல மெல்ல இழுத்து, பரிசோதனைக்கு அனுப்புவதற்குமுன் புட்டியில் போட்டுக் காட்டினார். பூ கட்டும் நூல் மாதிரி, என் விரலைவிட நீளமாகச் சுருண்டு கிடந்தது. பத்து நாள் என்னைப் பாடாய்ப்படுத்தியது இவ்வளவுதானா என்று இருந்தது.

திங்கட்கிழமை மெடிக்கலில் கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரிவரை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். "இந்த லேசான சிவப்பு என்ன?" என்று கேட்ட தொழிற்சாலை டாக்டரிடம் வனஜா டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "புழுவா!" என்று நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் கண்ணை நன்றாகப் பார்த்தார். பிறகு 'ஃபிட்' என்று முத்திரை குத்தினார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்த நைனா, வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். நான் வேண்டுமென்றே அவருக்கு முதுகைக் காட்டி, மதில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

"இன்னா ஆச்சு? சொல்லேன்!"

"செவுத்த பாத்து பேசியே பயகிட்ச்சு நைனா."

சைக்கிள் கீழே விழுந்தது. என்னைத் திருப்பி, இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்து, என் கண்ணையே பார்த்தார். நான் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. நடுரோட்டில் ஓவென்று அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார்.

மதியம் வேலைக்குப் போன மனிதர் அரை மணியில் திரும்பி வந்தார். கண் சிவந்திருக்கிறது, மெட்ராஸ் ஐ என்று வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டானாம்.