ஆறடிக்கு அப்பால் மழை

மதுரையில் அயோடின் மாத்திரை விழுங்கிவிட்டு ஊர் திரும்பிய சுமையாவைச் சுற்றி ஆறடிக்குள் மழை விழுவதில்லை. கோட்டைப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் தூறலுக்கு ஒதுங்கியிருந்தவர்கள் இதை முதலில் கண்டார்கள். அவள் நடக்க, கூடவே வட்டமாகக் காய்ந்த தரையும் நடந்தது. யாரும் வியக்கவில்லை. தள்ளி இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலேயே அனுப்பியிருக்கிறார்கள், மழைக்கும் அது தெரிந்திருக்கிறது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் சொன்னது வேறு. தைராய்டில் வந்த புற்றுநோயை அறுத்தெடுத்தாயிற்று. மிச்சமிருக்கும் செல்களைத் தேடிப் போய் அழிக்கத்தான் இந்தக் கதிரியக்க அயோடின். அதன் அரை ஆயுள் எட்டு நாள், எட்டு நாளுக்கொரு தரம் பாதியாகும். ஒரு மாதம் மட்டும் குழந்தையிடமிருந்து ஆறடி தள்ளி இருந்தால் போதும். இதில் மாமியார் ஜொஹரா பீவியின் காதில் தங்கியது 'அரை ஆயுள்' மட்டும். மருமகளுக்குப் பாதி ஆயுசுதான், மீதியைத் தன்னைத் தொட்டவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வாள் என்று அவர் பொருள் சொன்னார். கருவாட்டுக்கு அவர் சொல்லும் விலையைப் போல அதையும் ஊர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. இரண்டு வயது ஆஃபியா வீட்டுக்குள்ளும், அவளைப் பெற்றவள் கொல்லையில் கருவாட்டுக் கொட்டகையிலும் வைக்கப்பட்டார்கள். சவூதியிலிருந்த கணவன் பாசித், உம்மா சொல்கிறபடி கேள் என்று போனை வைத்தான்.

ஆறு மாதம் கழித்து மதுரையில் மறுபடி ஸ்கேன் எடுத்து, உடம்பில் நோயும் இல்லை, கதிரும் இல்லை என்றார்கள். சுமையா வந்து சொன்னாள்.

"மெஷினுக்குத் தெரியாட்டி என்ன? மழைக்குத் தெரியுதுல்ல" என்றார் ஜொஹரா பீவி.

பன்னிரண்டாம் வகுப்புக்கு அரை ஆயுளைக் கணக்குப் போட்டு விளக்கும் குணசேகரன் வாத்தியாரும், அவள் வந்தால் குடையோடு எதிர்ச்சாரிக்குப் போனார். மருந்து எப்போதோ தீர்ந்துவிட்டது. ஊரின் பயம் மட்டும் பாதியாகக்கூடக் குறையவில்லை. இரண்டு ஐப்பசிகள் போயின. ஆஃபியா தன் தாயைக் 'கொட்டகைக்காரவுக' என்று சொல்லப் பழகினாள்.

மூன்றாவது ஐப்பசியில் அடைமழை விடவில்லை. கருவாடு காயவைக்கும் களத்தில் நெத்திலி புழுக்கத் தொடங்கியது. ஜொஹரா பீவி குடையோடு வந்து, சரியாக ஈரம் முடியும் இடத்தில் நின்றார்.

"சுமையாம்மா, செத்த நேரம் களத்துல வந்து உக்காரேன். சரக்கு காயட்டும்."

"கூப்பிடுறது நீங்களா, நெத்திலியா மாமி?"

"எதாச்சும் பேசாத. எந்திரி."

"ஆஃபியாவ அனுப்புங்க. அப்பறம் வாரேன்."

"புள்ள ஆயுசு என்னாகுறது?"

"புள்ளைக்கு ஆகாத எடத்துல காஞ்ச நெத்திலி, திங்கிறவுகளுக்கு ஆகுமா? நீங்க விக்கிற மீமிசல் சந்தையில கேட்டுப் பாக்கட்டுமா?"

ஜொஹரா பீவி களத்தைப் பார்த்தார். பிறகு போய்க் குழந்தையைக் கூட்டிவந்து, முதுகில் கைவைத்துக் காய்ந்த வட்டத்துக்குள் தள்ளினார். ஆஃபியா நனையாத மண்ணில் நின்று முழித்தாள். சுமையா அவளைத் தூக்கி, ஈரத்தலையைத் துப்பட்டாவால் துவட்டினாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகும் என்று மருத்துவம் தெரிந்த எவரும் சொன்னதில்லை.

இப்போது மழைக்காலத்தில் தெருவே கருவாட்டுக் கூடையோடு அவளைத் தேடி வருகிறது. வாத்தியார் வீட்டிலிருந்து வத்தல் வருகிறது. கூடையை ஈரத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அதைத் தாண்டி யாராவது கால் வைத்தால், ஆஃபியாவை மடியிலிருந்து இறக்காமலே சுமையா சொல்கிறாள்:

"தள்ளியே நில்லுங்க. ஆறடி."

நிற்கிறார்கள், நனைந்துகொண்டு.