தூள் படிய எட்டு நாள்

எண்ணெய் சோதிப்பவரின் உடம்பில் ஒரு புதன்கிழமை மதியத்திலிருந்து எதுவும் ஏறாமல் போயிற்று. மின்சாரமும் சரி, சூடும் சரி, பெண்டாட்டியின் கிள்ளலும் சரி. டிரான்ஸ்ஃபார்மர் பழுதுபார்க்கும் பட்டறையில் அவருக்குப் பத்தொன்பது வருட வேலை. மின்சாரம் தாவக்கூடாத இடத்துக்குத் தாவாமல் தடுப்பது டிரான்ஸ்ஃபார்மருக்குள் நிரப்பும் எண்ணெய்தான். அதைக் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு பித்தளைக் குண்டுகளைத் தீக்குச்சித் தடிமன் இடைவெளியில் நிறுத்தி, மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார். பொறி பாய்ந்ததும் "உடைஞ்சுது" என்று சொல்லி எண்ணைக் குறிப்பார். முப்பது கிலோவோல்ட்டுக்குக் கீழே உடைந்தால் கழிசல்.

அந்த வருடம் பட்டறை இன்ஜினியர், முகப்பவுடரைவிட ஆயிரம் மடங்கு நைசான வெள்ளைத் தூள் ஒன்றைக் கொண்டுவந்து பீப்பாய்க்கு ஒரு கரண்டி கலக்கச் சொன்னார். எண்ணெய் அறுபத்தெட்டு வரை உடையவில்லை. இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. சோதிப்பவருக்கோ ஒரு கெட்ட பழக்கம்: தண்ணீர் கலந்திருக்கிறதா என்று, இயந்திரத்தை நம்புமுன் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிடுவார். அந்தப் புதன்கிழமை இதையும் வைத்துப் பார்த்து, நல்ல கெட்டி எண்ணெய் என்று சான்றிதழ் கொடுத்தார்.

முதலில் எல்லோருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. தெருவில் எந்த வீட்டு சுவிட்ச் ஷாக் அடித்தாலும் அவரைக் கூப்பிட்டார்கள். மெயினை அணைக்காமலே வெறுங்கையால் ஒயரை முறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். ரப்பர் என்று பட்டப்பெயரும் வைத்தாயிற்று. மழை விடாத ஒரு வாரம், மனைவி தன் அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, எட்டு வயது மகள் சோர்ந்து படுத்தாள். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மனைவி போனில் கேட்டதற்கு, "சூடே இல்லம்மா, சும்மா அசதிதான்" என்றார். பொய் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வந்து தொட்ட மனைவியின் கை சுட்டது. ரெண்டு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று மட்டும் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். குழந்தை போய்விட்டாள்.

மனைவி அவரைத் திட்டவில்லை. ஆனால் அவருக்கு அழுகை வரவில்லை. துக்கம் தோல்வரை வந்து அங்கேயே நின்றது.

"ஒரு தடவை உடைஞ்சுடுங்களேன். நான் தனியா அழுதுட்டிருக்கேன்."

"ஏற மாட்டேங்குதும்மா" என்றார்.

துக்கம் கேட்க வந்த இன்ஜினியர், வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், தன் தூளைப் பற்றிப் புலம்பினார்: ஆட்டாமல் வைத்தால் எட்டு நாளில் அடியில் படிந்துவிடுகிறதாம், எண்ணெய் பழையபடி உடைகிறதாம். அவர் போனதும் மனைவி கணவரை மர நாற்காலியில் உட்காரவைத்து, விரலைக்கூட அசைக்க விடாமல், எட்டு நாள் ஊட்டிவிட்டாள். எட்டாம் நாள் தூள் முழங்காலுக்குக் கீழே இறங்கி, கால் இரண்டும் கனத்துப் போயின. மனைவி அவர் நெற்றியில் கை வைத்தாள். "கை சுடுது" என்றார். அப்போதுதான் அவருக்கு மகளின் நெற்றி புரிந்தது. அன்று முழுக்க இருவரும் சேர்ந்து அழுதார்கள். மறுநாள் வேலைக்குக் கிளம்பி, தெருமுனை வரை நடப்பதற்குள் தூள் கலங்கி மேலே ஏறிவிட்டது.

ஆறு வருடமாயிற்று. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் மகள் இறந்த அதே வாரத்தில் எட்டு நாள் விடுப்பு கேட்கிறார். காரணம் என்ற கட்டத்தில் 'தூள் படிய' என்று எழுதுகிறார். என்ன தூள் என்று குமாஸ்தா முதல் வருடம் கேட்டார். இப்போது காய்ச்சல், கல்யாணம் என்று வருகிற மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்து முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறார்.